வெயிலில் ஒரு சுவாதி

ஏப்ரல் மாதம் பாதி தாண்டியதும், வடதுருவத்தை ஒட்டிய கடலோர ஊரான ஸ்கார்விகாவில் நட்சத்திரங்கள் முடிந்துபோகும். அதற்குப் பிறகு வானம் இருட்டுவதே இல்லை. மே கடைசியில் சூரியன் மறைவதையும் நிறுத்திவிடும். ஊர் முழுக்க அதைக் கொண்டாடும். இரவு பதினொரு மணிக்கு யாராவது புல் வெட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் நடுராத்திரியில் பந்து விளையாடுவார்கள். ராக்னா மட்டும் ஜன்னல்களில் கறுப்புத் திரையை இழுத்து விட்டுக்கொண்டு, ஆகஸ்ட் கடைசி எப்போது வரும் என்று நாள் எண்ணுவாள்.

கேட்டால் தொலைநோக்கியைக் காரணம் சொல்வாள். அது பாதி உண்மை.

மீதிப் பாதியின் பெயர் யார்லே. ஐம்பத்தைந்து வயது, கப்பல் துணை மாலுமி. மே முதல் வாரம் கிளம்பிப் போனால் செப்டம்பர் நடுவில்தான் திரும்புவான். இன்னும் வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளில் பனிப்பாறைகளையும் வெள்ளைக் கரடிகளையும் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகிற சின்னக் கப்பலில் வேலை. குளிர்காலம் முழுக்கத் தன் அம்மா விட்டுப்போன வீட்டில் இருப்பான். அது ராக்னாவின் வீட்டுக்கு மூன்றாவது வீடு. நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜனவரி மாலையில், அவள் படகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டி வந்தான். அன்றிலிருந்து அவன் ஊரில் இருக்கும் மாதங்களில், தெளிந்த வானம் உள்ள ஒரு இரவைக்கூட அவர்கள் தனித்தனியாகப் பார்த்ததில்லை.

கண்ணை வைத்துப் பார்க்கிற பக்கத்தில் பொருத்தும் லென்ஸ்கள் யார்லேயிடம் ஒன்பது இருந்தன. அவனே செய்த மரப்பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. ராக்னாவிடமும் முன்பு மூன்று இருந்தன. கம்பளிக் கையுறையோடு இருட்டில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டும்போது ஒன்று பனிக்குள் விழுந்து, பனி உருகிய பிறகுதான் கிடைத்தது, துருப்பிடித்து. அதற்கப்புறம் அவள் ஒரே ஒரு ஜூம் லென்ஸ் வாங்கிக்கொண்டாள். கழற்ற வேண்டாம், மாட்ட வேண்டாம். வளையத்தைத் திருகினால் போதும். இருபத்திநான்கிலிருந்து எட்டு வரைக்கும் டக் டக் என்று இறங்கும். எண் குறையக் குறைய, பார்க்கிற பொருள் பெரிதாகிக்கொண்டே வரும்.

யார்லேக்கு அது பிடிக்கவில்லை.

"இது சோம்பேறிங்க வாங்குறது. இருபத்திநாலுல வச்சா குழாய் வழியா எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு. வானம் எங்க போச்சு?"

"உன் பெட்டியத் தூக்கிட்டு வர்றதுக்கே உனக்கு ஒரு ஆள் வேணும். என்னுது கோட்டுப் பைக்குள்ள இருக்கு."

"பையிலயே இருக்கட்டும். அங்கதான் அதுக்கு மரியாதை."

நான்கு குளிர்காலமும் இதே சண்டைதான். ஆனால் கைவிரல் மரத்துப்போகும் இரவுகளில் பெட்டியைத் திறக்காமல், "சரி, உன் சோம்பேறியக் குடு" என்று கை நீட்டுவான்.

இந்த வருடம் கடைசியாக அவர்கள் பார்த்தது சிங்கம்போல அமைந்த நட்சத்திரக் கூட்டத்தின் பிடரியில் இருக்கும் நட்சத்திரத்தை. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது, உண்மையில் இரண்டு. வானம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. ராக்னா கண்ணை வைத்துக்கொண்டு வளையத்தை மெல்லத் திருகினாள். ஒரு பொட்டாக இருந்தது நீண்டது, நடுவில் ஒடுங்கியது, பிறகு சட்டென்று இரண்டாகப் பிரிந்து நின்றது. இரண்டும் பொன்னிறம். மயிரிழை அளவு இருட்டு நடுவே. அவள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். கண்ணை எடுக்காமலேயே சொன்னான்:

"அடுத்த கோடைக்கு நான் போகாமலும் இருக்கலாம். யாராவது இருன்னு சொன்னா."

என்ன சொல்வதென்று தெரியாதபோது ராக்னா வாயில் எப்போதும் கேலிதான் வரும்.

"உன்ன யாருப்பா இருன்னு சொல்லப் போறா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு சரியாகத்தான் இருந்தது. "அதுவும் சரிதான்" என்றான். குனிந்து பெட்டியை மூடினான், ஒன்பது லென்ஸ்களில் ஒன்றைக்கூட எடுக்காத பெட்டியை. பதினேழு நாள் கழித்து ஊரைவிட்டுப் போனான்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி ஒரு வாக்கியத்தை எத்தனை தரம் திரும்பச் சொல்லிப் பார்க்க முடியும்? ராக்னா தான் வேலை செய்யும் ஊர்க் கடையில் தபால் பொட்டலங்களை எடை போட்டபடி சொல்லிப் பார்த்தாள். மீன் சூப்பைக் கிண்டியபடி சொல்லிப் பார்த்தாள். "இரு" என்று ஒரு சொல். சொல்லியிருந்தால் ஆகியிருக்கும். மே போனது, ஜூன் போனது. வெளிச்சம் மட்டும் போகவில்லை. இரவு இரண்டு மணிக்குக்கூட மூன்றாவது வீட்டின் பூட்டிய கதவு பளிச்சென்று தெரிந்தது. இருட்டாக இருந்தாலாவது அதைப் பார்க்காமல் இருக்கலாம்.

அவன் கப்பலிலிருந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் அனுப்புவான். கடல்நாய், பனி, மறுபடி பனி. அவள் "நல்லா இருக்கு" என்று பதில் போடுவாள். அதற்கு மேல் என்ன எழுதுவது? நட்சத்திரம் இருந்தால் எழுதலாம். நட்சத்திரத்தைப் பற்றி எழுதுவதுபோல மற்றதையும் எழுதிவிடலாம்.

அப்படித்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. நட்சத்திரங்கள் எங்கேயும் போய்விடவில்லையே. வெளிச்சத்துக்குப் பின்னால் அங்கேயேதான் இருக்கின்றன. சுவாதி நல்ல பிரகாசமான நட்சத்திரம். ஜூலைத் தொடக்கத்தில், மாலை எட்டரை மணி வாக்கில், சரியாகத் தெற்கே வந்து நிற்கும். உயரம் நாற்பது டிகிரி. தெற்கு எது என்று அவளுக்குத் தெரியும். கொட்டகை வாசலில் நின்றால் கலங்கரை விளக்கம் இருக்கும் திசை. உயரத்துக்கு, தச்சர்கள் சாய்வு பார்க்க வைத்திருக்கும் காந்தக் கருவி ஒன்றைக் கடையிலிருந்து எடுத்து வந்து தொலைநோக்கியின் குழாய் மேல் ஒட்டவைத்தாள். சூரியன் அந்த நேரத்தில் வலது கைப்பக்கம், பின்னால். கொட்டகையின் நிழலுக்குள் நின்றுகொண்டால் தவறிக்கூடக் குழாய் அந்தப் பக்கம் திரும்பாது.

முதல் மாலை கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து கலங்கரை விளக்கத்தையே மறைத்துவிட்டது. அடுத்த முறை வானம் சுத்தமாக இருந்தது. ஒரு மணி நேரம் நீலத்தைத் துழாவினாள். நீலம், நீலம், தன் கண்ணுக்குள் மிதக்கிற தூசி, நீலம். மூன்றாம் முறையும் அப்படியே.

கடையில் அவளோடு வேலை செய்கிற வென்கேவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. வென்கே, ராக்னாவின் பழைய கணவனின் தங்கை. விவாகரத்து ஆகிப் பதினான்கு வருடம் ஆகியும் அண்ணி என்று கூப்பிடுவதை விடவில்லை.

"அண்ணி, வெயில்ல நின்னு நட்சத்திரம் தேடுறீங்களாமே? ஊர்ல எல்லாரும் கேக்குறாங்க, நான் என்னன்னு சொல்றது?"

"தேடுறான்னு சொல்லு."

"எங்கண்ணனோட பதினோரு வருஷம் இருந்தீங்க, ஒருநாள்கூட அவனை இப்படித் தேடினதில்ல."

"உங்கண்ணன் எப்பவும் சோபாவுலதானடி இருந்தான், எங்க தேடுறது?"

வென்கே விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கல்லாப் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அந்த நட்சத்திரம் கப்பல்ல வேலை பாக்குதா?"

ராக்னா ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே நின்றபோதுதான் தன் தவறு எது என்று பிடிபட்டது. குவியம். இருட்டில் நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தால் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். பகலில் ஒரு துளி மங்கினாலும் அது நீலத்தோடு கரைந்துவிடும். கரைந்ததை எப்படித் திருத்துவது? முதலிலேயே சரியாக வைத்துவிட வேண்டும்.

ஜூலை ஒன்பதாம் தேதி, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள். மலைகளுக்கு இடையே நீளும் ஃபியோர்டுக் கடலுக்கு அப்பால் முப்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலையுச்சியில் தொலைநோக்கியைத் திருப்பி, அங்கே இன்னும் உருகாத பனியின் விளிம்பு கத்திமுனைபோலத் தெரியும்வரை குவியத்தைத் திருத்தினாள். பிறகு நட்சத்திரம் கிடைக்கும்வரை அதைத் தொடவே இல்லை. வளையம் இருபத்திநான்கில். குழாயை நாற்பது டிகிரிக்கு ஏற்றி, கலங்கரை விளக்கத்துக்கு நேர் மேலே நிறுத்தினாள். நட்சத்திரம் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வரும். அன்றைய கணக்குக்கு எட்டு மணி ஆறு நிமிடம். தலைமேல் ஒரு கறுப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை வைத்தாள்.

நீலம். இடது பக்கம் ஒரு விரல் அளவு நகர்த்தினாள். நீலம். கொஞ்சம் மேலே.

ஒரு புள்ளி.

கடற்காகம் என்று நினைத்தாள். கடற்காகம் இப்படி அசையாமல் நிற்காது. கண்ணுக்குள் இருக்கும் தூசியென்றால் கண் போகிற பக்கமெல்லாம் போகும். இது போகவில்லை. வட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்தை நோக்கி, அவசரமே இல்லாமல், பூமியின் வேகத்தில் நகர்ந்தது.

இப்போது கண்ணை எடுத்தால் போச்சு. யார்லேயின் பெட்டியாக இருந்தால் இந்த இடத்தில் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் அது தொலைந்திருக்கும். ராக்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தில் இரண்டு விரலை வைத்தாள். டக். வானம் ஒரு படி இருண்டது. டக். வெளிர்நீலம் கடல்நீலமானது. பெரிதாக்கப் பெரிதாக்க வானத்தின் வெளிச்சம் பரந்து மெலிந்துபோக, அந்தப் புள்ளி மட்டும் மெலியாமல் நின்றது. குவியத்தை மயிரிழை திருத்தினாள். டக். ஆரஞ்சு நிறம் வந்தது, ஊதிவிட்ட கங்குபோல. அது நடுங்கியது.

"யார்லே, வந்து பாரு" என்று சொல்லி, பழக்கத்தில் நகர்ந்து இடம் விட்டாள்.

பக்கத்தில் கொட்டகைச் சுவர் இருந்தது. வெயில் புல்மேல் நீளமாகக் கிடந்தது. தூரத்தில் யாரோ படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மறுபடி குனிந்தபோது நட்சத்திரம் வட்டத்தைவிட்டு வெளியே போய்விட்டிருந்தது. அதைத் திரும்பப் பிடிக்க வளையத்தை இருபத்திநான்குக்குத் திருப்ப வேண்டியிருந்தது. பிடித்த பிறகு நாற்பது நிமிடம் அதன் பின்னாலேயே போனாள்.

அன்றிரவு அவனுக்கு ஒரு நீளமான செய்தி எழுதினாள். அழித்தாள். கடைசியில் போனது இவ்வளவுதான்: "சுவாதியப் பாத்துட்டேன். வெயில்ல. எட்டு மணி ஆறு நிமிஷத்துக்கு."

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது: "பொய்."

ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று: "எப்படி?"

அதற்கு அடுத்த வாரம், ஒரு மாலையில், அவள் தொலைபேசி அடித்தது. கப்பல் பனித்தரையில் முட்டி நின்றிருந்தது. பயணிகள் எல்லாரும் இரவுச் சாப்பாட்டில். யார்லே மேல்தளத்தில் கரடி தேடுகிற தொலைநோக்கியோடு நின்றான்.

"சொல்லு. தெற்கு தெரியும், நான் மாலுமி. உயரம் எவ்வளவு?"

"நீ இன்னும் வடக்க இருக்க, உனக்கு இருபத்தொன்பதரை டிகிரி. முதல்ல தூரத்து மலையில குவியம் வை. அப்புறம் அதைத் தொடாத."

"வச்சாச்சு."

"பெருசாக்குறதக் கடைசி வரைக்கும் குறைச்சு வை. கிடைச்சதும் கண்ணை எடுக்காம... உன்கிட்ட எந்த லென்ஸ் இருக்கு?"

தொலைபேசியில் காற்று இரைந்தது.

"இதுல ஜூம்தான்."

"என்னது?"

"கரடி பாக்குற தொலைநோக்கி எல்லாத்துலயும் ஜூம்தான் இருக்கும், ராக்னா. அஞ்சு மாசமும் இதையேதான் திருகிட்டு இருக்கேன். நாலு வருஷமா உன்கிட்ட சொல்லல."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "திருட்டுப் பயலே! குளிர்காலம் பூரா என்னைக் கேலி பண்ணிட்டு!"

"கேலி பண்ணாம உன்கிட்ட வேற என்ன பேசுறது? இரு, இரு. கிடைச்சுருச்சு. வெள்ளையா..." மூச்சு. "இல்ல. பறவை."

இருபது நிமிடம் தேடினான். பனியில் நின்றாலும் கப்பலின் இயந்திரம் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் அங்கே ஸ்கார்விகாவில், தன் தொலைநோக்கியில் சுவாதியை நடுவில் வைத்துக்கொண்டு, தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி, "இன்னும் கொஞ்சம் மேல, இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. யாரோ அவனை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

"போகணும்" என்றான். "எப்படி இருக்கு அது? ஒரு வார்த்தை சொல்லு."

"தனியா இருக்கு" என்றாள் ராக்னா.

அவன் ஏதோ சொன்னான். தொடர்பு அறுந்து அது காதில் விழவில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போனதும் வென்கேயிடம் கேட்டாள். "ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் எனக்கு மூணு நாள் லீவு வேணும். கடையை நீ பாத்துக்க."

"எங்க அண்ணி?"

"லோங்யர்பியன்."

வென்கே காப்பிக் குடுவையை அப்படியே கீழே வைத்தாள். "அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?"

"ஒரு வார்த்தை சொல்லணும்."

"போன்ல சொல்ல முடியாதா?"

"அவன் என்கிட்ட போன்ல கேக்கல."

கப்பல் பதினோரு நாளுக்கு ஒருமுறை ஸ்வால்பார்டின் துறைமுக ஊரான லோங்யர்பியனுக்கு வரும். பழைய பயணிகள் இறங்கி, புதியவர்கள் ஏறுவதற்கு நடுவில் யார்லேக்கு ஐந்து மணி நேரம் கிடைக்கும். அதில் இரண்டு மணி நேரம் சாமான் ஏற்றுவதில் போய்விடும். அவள் பேருந்தில் போய், த்ரோம்சோ நகரில் ஒரு இரவு தங்கி, விமானம் ஏறினாள். தான் வருவதை முந்தின நாள்தான் அவனுக்கு எழுதினாள். வேண்டாம் என்று சொல்ல நேரம் கொடுக்கக் கூடாது என்று.

துறைமுகத்தில் அவன் ஆரஞ்சு நிற வேலை உடுப்போடு ஓடி வந்தான். கோடையில் அவனை அவள் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் வெயிலில் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி போட்ட இடம் வெளுத்திருந்தது. இருட்டில், கண் கூசாதிருக்கத் துணி போர்த்திய சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில்தான் அதிகம் பழகிய முகம். இவ்வளவு சுருக்கங்கள் அதில் இருந்தது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"என்ன அப்படிப் பாக்குற?"

"வெளிச்சம் இருக்கு, பாக்குறேன்."

கடற்கரையோரம் ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்து வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள். அவன் வேகமாகச் சாப்பிட்டான். அவளால் முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏப்ரல்ல நீ கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல."

யார்லே முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"இருன்னு சொல்றேன். அடுத்த கோடைக்கு இரு. நான் சொல்றேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தாடை அசைவது தெரிந்தது.

"கையெழுத்து போட்டுட்டேன், ராக்னா. அடுத்த வருஷத்துக்கு. ஜூன் கடைசியில கேட்டாங்க. அதுவரைக்கும் தள்ளித் தள்ளித்தான் போட்டேன். நீ ஏதாவது எழுதுவேன்னு பாத்தேன்."

"'நல்லா இருக்கு'ன்னு எழுதினேன்."

"ஆமா. பதினோரு தடவ."

எண்ணி வைத்திருக்கிறான். அது அவளை அழவைத்தது. துடைத்துக்கொள்ள உணவகத்தின் காகிதக் கைக்குட்டைதான் இருந்தது, அது கன்னத்தில் சொரசொரவென்று உரசியது. அவன் மேஜைமேல் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நான்கு வருடத்தில் கையுறை இல்லாமல் முதல் தடவை.

"ஒரு கோடைதான்" என்றான். "அதையும் உடைச்சுட்டு வரலாம். ஆனா கேப்டன் பாவம், ஆள் கிடைக்காது. வாக்குக் குடுத்துட்டேன்."

"உடைக்க வேண்டாம்."

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் போகாத. கடையில ஆள் வேணும்னு வென்கே சொல்லிட்டே இருக்கா. உருளைக்கிழங்கு மூட்டை தூக்கத் தெரியுமா?"

"கேலி பண்ணுறியா?"

"இல்லப்பா. நிஜமாத்தான் கேக்குறேன்."

கப்பலின் ஊதல் கேட்டது. அவன் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மேலுடுப்பின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துவிட்டு, குனிந்து அவள் உச்சந்தலையில் உதட்டை வைத்தான். எண்ணெயும் உப்பும் கலந்த வாசனை. பிறகு பயணிகளின் வரிசையை நோக்கி ஓடினான். அன்று இரவு கப்பல் பனிக்குத் திரும்பியது. அவள் தெற்கே பறந்தாள்.

செப்டம்பரில் அவன் ஊருக்கு வந்தான். அந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது வீட்டில் விளக்கு எரிந்தது குறைவு. மே மாதம், சொன்னபடியே, அவன் போக வேண்டிய நாள் வந்தது. முந்தைய வருடங்களில் ராக்னா அந்தக் காலையில் கடையிலேயே இருந்துவிடுவாள், யாரையும் வழியனுப்பத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோல. இந்தத் தடவை வென்கேயிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தே போனாள், அவன் மூட்டையின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டு. பேருந்து தாமதமாக வந்தது. இருவருக்கும் அதில் புகார் எதுவும் இல்லை.

வண்டி வளைவில் திரும்பும்வரை அவள் நின்றாள். வெளிச்சத்தைத் தாண்டி அவன் திரும்பி வர நூற்று முப்பது நாள் இருந்தது இன்னும்.